நடுவரம்பு இல்லாத வீடு

எங்கள் கரையோரத்தில் ஒரு வீட்டில் பெண் குழந்தை பிறந்தால், அதன் காதில் பாங்கு சொல்லி முடித்த கையோடு தகப்பன் விசாரிப்பது கல் விலையைத்தான். கல், மணல், சீமெந்து, கம்பி. பெண்ணுக்கு ஒரு வீடு இருந்தால்தான் மாப்பிள்ளை வருவான்; வந்தவன் அந்த வீட்டில்தான் குடியிருப்பான். மூன்று பெண்களைப் பெற்றவன் மூன்று வீடு கட்டிக் கொடுத்துவிட்டுத் தனக்கென்று மிச்சம் பிடிப்பது மையவாடியில் ஆறடிதான்.

இதில் எங்களுக்குப் பெருமையும் உண்டு. வீடெல்லாம் எங்கள் பெண்களின் பெயரில்தான் என்று வெளியூர்க்காரர்களிடம் மார் தட்டுவோம். ஆனால் ஒரு பெண் கல்யாணத்துக்கு முன்னால் தன் கையால் ஒரு கதவைப் பூட்டி, சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தால் மட்டும் எங்களுக்குப் பொறுக்காது. வாயில் பெருமை, வயிற்றில் எரிச்சல்.

அதனால்தான் கல்முனைக்குடியில், கடற்கரைப் பள்ளிக்குப் போகும் வீதிக்கு இரண்டு ஒழுங்கைச் சந்து தள்ளி இருக்கும் கச்சிமுகம்மதின் புது வீட்டில் மூன்று குமருப் பெண்கள் வாடகைக்கு வந்து இறங்கிய அன்று, ஒழுங்கை முழுவதும் வாசலில் நின்றது. பாய், கேஸ் சிலிண்டர், பிளாஸ்டிக் வாளி, புத்தகப் பெட்டி எல்லாவற்றையும் எண்ணாத கண் இல்லை. அந்த வீடு கச்சிமுகம்மதின் மகள் சஹ்லாவுக்கென்று கட்டியது. சஹ்லா இன்னும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அவளுக்குக் காலம் வரும்வரை வீடு சும்மா கிடப்பானேன் என்று கல்லூரிப் பிள்ளைகளுக்கு விட்டார். அவரும் மனைவி ஸுலைஹாவும் அதே வேலிக்குள், அதே வளவின் பின்வீட்டில் இருந்தார்கள். வளவு ஸுலைஹாவின் பெயரில். அவளுடைய உம்மா கொடுத்த சீதனம் அது.

வந்த மூவரில் றிஸ்னா பொத்துவில். அவளுடைய வாப்பா அறுகம்பேக்கு வரும் வெள்ளைக்காரர்களின் அலைப்பலகைகளை ஆட்டோவின் கூரையில் கட்டி ஏற்றி இறக்குபவர். மகள் கணக்கியல் படித்தாள். வாய் நீளம். கிருசிகா திருக்கோவில், வயல்கார இந்துக் குடும்பத்துப் பிள்ளை. ஸஹ்றா இறக்காமம். இந்த இருவரும் நில அளவை படித்தார்கள். ஸஹ்றா அதிகம் பேசமாட்டாள். அவளுடைய வாப்பா மேசன். ஊரில் எத்தனையோ பெண்களுக்கு வீடு கட்டிய மனிதர், தன் மகளின் வீட்டை மட்டும் ஓய்ந்த நாட்களில் வரி வரியாக எழுப்பிக்கொண்டிருந்தார். சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்தபோது மாப்பிள்ளையும் பேசி வைத்துவிட்டார்கள்.

கச்சிமுகம்மது கரைவாகு வட்டை வயல்வெளியில் சொந்தமும் குத்தகையுமாக வயல் செய்கிறவர். வீடு பேச வந்த அன்று அவர் போட்ட நிபந்தனையை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததெல்லாம் அதனால் வந்ததுதான்.

"ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு வாடகை எண்ட கதை இஞ்ச இல்ல மகள்," என்றார். "போன முறை பொடியனுகளுக்கு அப்பிடிக் குடுத்துத்தான் நான் பட்ட. ஒருத்தன் சொல்லாமக் கொள்ளாம கட்டாருக்குப் பெய்த்தான். மத்தவனுகள்ட்டக் கேட்டா, அவன்ட அறைக்கு அவனுக்கிட்டக் கேளுங்க எண்டானுகள். வாடகைக்கு நான் கட்டாருக்கா போற?"

"அப்ப எப்பிடி மாமா?" என்று கேட்டாள் றிஸ்னா.

"முழு வீடும் மூணு பேருக்கும். முழு வாடகையும் மூணு பேர்லயும். ஒருத்தி தராட்டி மத்த ரெண்டு பேரும் சேத்துத் தரணும். ஆர்ட்ட வேணுமெண்டாலும் நான் முழுசாக் கேப்பன். மூணு பேர் சேந்து ஒரு வயலக் குத்தகைக்கு எடுத்தா நடுவுல வரம்பு கட்டிப் பிரிக்கிறயா? தண்ணி பாய்ச்ச ஒருத்தன் வராட்டி மத்தவன் பாய்ச்சத்தானே வேணும்? அதே மாதிரித்தான்."

"ஒருத்தி ஓடிட்டா?" றிஸ்னா விடவில்லை.

"ஓடாதவளாப் பாத்துத்தான் கூட்டுச் சேந்திருக்கம்," என்றாள் கிருசிகா.

நொத்தாரிசு அதையே 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்று சட்டத் தமிழில் எழுதினார். மூன்று பேரும் ஒருவர் பெயருக்குக் கீழ் ஒருவராகக் கையெழுத்து வைத்தார்கள். வீட்டுக்காரியாக ஸுலைஹா வைத்தாள். கச்சிமுகம்மதுக்கு அன்று முகம் கொள்ளாத சிரிப்பு. சந்தையில் சோடி மாட்டை ஒரே கயிற்றில் கட்டி ஓட்டி வந்தவர் போல வீட்டுக்கு வந்தார்.

ஒழுங்கையின் கண் மெல்ல மெல்ல அடங்கியது. பெண்கள் மூவரும் விடியற்காலையில் எழும்பிவிடுவார்கள். ஒருத்தி தேங்காய் துருவ, ஒருத்தி புட்டு அவிக்க, ஒருத்தி வாசல் கூட்டுவாள். மாட்டிறைச்சி அந்தக் குசினிக்குள் ஏறவில்லை. கிருசிகா கேட்டதல்ல, மற்ற இருவரும் தாங்களாகவே வைத்துக்கொண்ட ஒழுங்கு. றிஸ்னாவுக்கு ஆசை வந்தால் பின்வீட்டுச் சட்டியில் போய்த் தின்றுவிட்டு வருவாள். கடற்கரையில் கரைவலை இழுத்த நாளில் கீரி மீனை வாங்கி வந்து, கொறுக்காய்ப்புளி போட்டு மூவரும் ஆணம் காய்ச்சினால் வாசம் ஒழுங்கை முனைவரை போகும். "இந்தக் குமருகளுக்கு ஆக்கவும் தெரியும்" என்று எதிர்வீட்டுக்காரியே ஒரு நாள் சொன்னாள். அது எங்கள் ஊரில் பெரிய சான்றிதழ்.

கச்சான் காற்று தொடங்கியது. மேற்கிலிருந்து, அறுவடையான வயல்களின் சூட்டையும் பதரையும் அள்ளிக்கொண்டு வரும் காற்று. உதடு வெடிக்கும், கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். சிறுபோக நெல்லைக் கச்சிமுகம்மது முன்வீட்டு முற்றத்தில் படங்குத் தார்ப்பாய் விரித்துக் காயப்போட்டிருந்தார். பெண்கள் கல்லூரிக்குப் போகும்போது படங்கின் ஓரத்தால் ஒருத்தி பின் ஒருத்தியாக நடந்து போவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆதம்பாவா முதலாளி வந்தார். நெல் மில் வைத்திருப்பவர். கச்சிமுகம்மது போகத்துக்குப் போகம் நெல் கொடுப்பது அவருடைய மில்லுக்குத்தான். ஸஹ்றாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை றிஸ்மி அவருடைய தங்கை மகன். கட்டாரில் வேலை.

"தம்பி, உன்ட வீட்டுல இரிக்கிற இறக்காமத்துப் புள்ள எங்கட மருமகனுக்குப் பேசின புள்ள," என்று தொடங்கினார்.

"தெரியும் காக்கா."

"அடுத்த மாசம் அவன் லீவுல வாறான். காவின் எழுதி நிக்காஹ் முடிக்கணும். புள்ள சொல்றாவாம், படிப்பு முடியாமக் கலியாணம் இல்லையாம். முடிஞ்சாலும் யோசிக்கணுமாம். அவனுக்கே போன் எடுத்துச் சொல்லிட்டா. ஆம்புளைட்ட, நேரா! நேத்து நான் கரைவாகு ரோட்டால வாறன். மூணு காலுச் சாமான் ஒண்ட நட்டு வெச்சிக்கிட்டு, ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு நடு ரோட்டுல நிக்கிறா. சுத்திவரப் பொடியனுகள். வெயில்ல மொகம் கறுத்துப் பெய்த்து."

"அது அவங்கட படிப்புக் காக்கா. ரோடு அளக்கிற."

"ரோட்ட அளக்க அரசாங்கத்துக்கு ஆள் இல்லையா? இஞ்ச பார், நீ புள்ளைக்குப் புத்தி சொல்ல வேணாம், ஏச வேணாம். இரிக்கிற இடத்த மட்டும் எடு. இறக்காமத்துல இரிந்து இவ்வளவு தூரம் நாளைக்கு ரெண்டு பஸ் மாறி ஒரு குமர் வந்து போகுமா? தன்னால படிப்பு நிக்கும், தன்னால கலியாணம் நடக்கும்."

சோறு தின்னும் தட்டைப் பறித்தால் பிள்ளை வழிக்கு வரும் என்கிற கணக்கு. கச்சிமுகம்மது ஒன்றும் கெட்ட மனிதரல்ல. ஆனால் முற்றத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. காயும் நெல்லை வைத்துக்கொண்டு எந்த வயல்காரன் மில் முதலாளியோடு முட்டுவான்? "சொல்லிப் பாக்கிறன் காக்கா" என்றார்.

மறுநாள் பகல் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே அவர் வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். "ஸஹ்றா மகள், ஒரு கதை."

மூன்று பேரும் வந்தார்கள். அவர் ஒருத்தியைத்தான் எதிர்பார்த்தார்.

"மாசக் கடைசியோட நீங்க வேற இடம் பாத்தா நல்லம் மகள்," என்றார் ஸஹ்றாவின் முகத்தைப் பார்க்காமல். "மத்த ரெண்டு பேரும் இரிங்க. ஒங்கள்ள எனக்கு ஒரு கொறையும் இல்ல."

ஸஹ்றாவுக்கு முகம் வெளுத்தது. அவளுக்கு எல்லாம் உடனே விளங்கிவிட்டது. இந்த வீடு போனால் கல்லூரி போகும், கல்லூரி போனால் அடுத்த மாதம் காவின்.

"நேத்து முதலாளி வந்து பிளேன்டி குடிச்சது இதுக்கா மாமா?" என்றாள் றிஸ்னா.

"காரணம் கேக்காதீங்க புள்ள."

"காரணம் கேக்காம வீட்ட விட்டு எழும்ப நாங்க என்ன கோழியா?"

அவர் மறுபடி நெல்லைக் காலால் கிளறும்போதே மேற்கே இடி உருண்டது. கச்சான் காலத்தில் சில நாள் இப்படித்தான். காலையில் பொசுக்கும், பகல் திரும்பினால் வானம் மையாகும். வட்டைப் பக்கம் மழை இறங்கிவிட்டதைக் காற்றிலேயே மணக்க முடிந்தது.

"அல்லாஹ்வே, நெல்லு!" கச்சிமுகம்மது நெல் தள்ளும் பலகையைத் தூக்கினார். "சுலைஹா, சாக்க எடு!"

யாரும் யாரையும் கேட்கவில்லை. ஸஹ்றா பலகையின் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். றிஸ்னா விளக்குமாற்றால் ஓரம் கூட்டினாள். கிருசிகா சாக்கின் வாயை விரித்துப் பிடித்தாள். ஸுலைஹா பின்வீட்டிலிருந்து கடகத்தோடு ஓடி வந்தாள். கை வேலை செய்ய, வாய்ச் சண்டை நிற்காமல் நடந்தது.

"மாமா, சாக்க நல்லாக் குலுக்குங்க. நீங்க சொன்னதுதானே, நடுவில வரம்பு இல்ல எண்டு," என்றாள் கிருசிகா. "வரம்பு இல்லாத வயலில இவள்ட பங்கு எது, என்ட பங்கு எது? இவள மட்டும் எந்த இடத்தில வைச்சு வெட்டி எடுப்பீங்க?"

"அது வாடகைக்குச் சொன்ன கதை."

"வாடகை மூணு பேர்லயும் முழுசா எண்டா, வீடும் மூணு பேருக்கும் முழுசாத்தானே? கட்டிலுக்குக் கட்டில் வாடகை எடுத்திருந்தா இவள்ட கட்டிலத் தூக்கி வெளிய வைக்கலாம். நீங்க வீட்டத் தந்திருக்கிறீங்க. எங்கட அப்பாவும் சித்தப்பாமாரும் தம்பிலுவில் பக்கம் ஒண்டாத்தான் குத்தகைக்குச் செய்ற. போன போகம் காணிக்காரருக்கு கடைசிச் சித்தப்பாவில கோவம். அவர் மட்டும் வயலுக்க இறங்க வேணாமாம். அப்பா சொன்னார், அப்ப மூணு பேரையும் வயல விட்டு ஏத்துங்க, நீங்களே வெட்டுங்க எண்டு."

"ஏத்தினானா?"

"கதிர் வந்த வயலில ஆர் மாமா ஆள மாத்துவான்?"

கச்சிமுகம்மது சாக்கை முதுகில் ஏற்றிக்கொண்டு விறாந்தைக்கு ஓடினார். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. "அப்ப மூணு பேரும் வெளிக்கிடுங்க! கதை முடிஞ்சி."

"சரி," என்றாள் றிஸ்னா, கூட்டுவதை நிறுத்தாமல். "எழுதித் தாங்க. மூணு பேருக்கும். எக்ரிமென்ட் மாசி வரைக்கும் இரிக்கி. அதுக்கு முன்னால எழுப்பிறதெண்டா ஏன் எழுப்பிற எண்டும் எழுதணும். வாடகை பிந்தினமா? வீட்ட ஒடச்சமா? முதலாளிட மருமகனுக்கு அவசரமாப் பொண்ணு வேணும், அதுக்காக எழுப்பிறன் எண்டு நொத்தாரிசு எழுதுவாரா மாமா? காலத் தூக்குங்க, அதுக்குக் கீழ நெல்லு."

அவர் காலைத் தூக்கினார்.

கடைசிச் சாக்கு விறாந்தையில் ஏறவும் மழை விழவும் சரியாக இருந்தது. எல்லாரும் நனைந்து, தலையெல்லாம் பதரோடு நின்றார்கள். கச்சிமுகம்மது சாக்குகளை ஒருமுறை எண்ணினார், மறுபடியும் எண்ணினார். தன் புத்திசாலித்தனம் இப்படித் தன்னையே கட்டிப்போடும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். ஸுலைஹா படங்கை உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

முதலாளிக்கு எல்லா ஊரிலும் ஆள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் புட்டு அவியும்போதே பொத்துவிலிலிருந்து றிஸ்னாவின் வாப்பா போன் எடுத்துவிட்டார். அவள் மா குழைத்த கையோடு போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"மகள், மத்த ஊட்டுப் பிரச்சினைக்குள்ள நாம என்னத்துக்கு? ரெண்டு பேருக்குப் புதுசா எழுதித் தாறாங்களாம். வாடகையும் கொறப்பாங்களாம். கையெழுத்த வெச்சிட்டு இரி. பரீட்சை வருகுது."

"வெச்சா, நாளைக்கு என்னக் கேட்டு ஒருத்தன் வந்தா என்ன செய்ற வாப்பா?"

"உன்னக் கேட்டு ஆரு மகள் வாறான்?"

"இவளக் கேட்டு எப்பிடி வந்தான்? இவளும் சும்மா படிச்சிட்டுத்தானே இரிந்தா? ரெண்டு பேரா இரிந்தா ஒருத்திய எழுப்ப இன்னும் லேசு வாப்பா. மறுகா மிச்சம் இரிக்கிறவள எழுப்ப ஒரு கையும் தேவல்ல."

மறுமுனையில் ஆட்டோ ஸ்டார்ட் ஆனது. பிறகு அவர், "சாப்பிட்டயா?" என்றார். அது எங்கள் பக்கத்து வாப்பாமார் தோற்றுப்போனால் கேட்கும் கேள்வி.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், ஸஹ்றா பையோடு குசினி வாசலில் நிற்கிறாள்.

"நான் போறன் கா," என்றாள். "பொத்துவிலுக்கும் போன் பெய்த்திட்டு. இனித் திருக்கோவிலுக்கும் போகும். எனக்காக நீங்க ரெண்டு பேரும் ரோட்டுல நிக்கிறத என்னால பாக்க ஏலா."

"போக ஏலா," என்றாள் கிருசிகா. புட்டுக்குழலை இறக்கி வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"ஏன் ஏலா?"

"உன்ட கையெழுத்து இருக்கு. நாங்க ரெண்டு பேரும், வீட்டுக்காரரும் ஓம் எண்டாத்தான் நீ இதில இருந்து கழரலாம். மாமா இப்ப ஓம் எண்டு சொல்லுவார். நாங்க சொல்ல மாட்டம். நீ இறக்காமத்தில போய்க் குந்தினாலும் இந்த வீட்டு வாடகை முழுசும் உன்ட தலையிலதான். வா, வந்து இருந்து குடு."

"இப்பிடியும் ஒரு சட்டமா?"

"மாமா நம்மளக் கட்டத்தானே போட்டார்? அந்தக் கயித்தாலதான் உன்னக் கட்டுறம்."

ஸஹ்றாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்தது. பயந்துபோயிருந்தாள் பிள்ளை. எவனோ ஒருவன் எங்கேயோ ஒரு விறாந்தையில் உட்கார்ந்து பிளேன்டி குடித்துக்கொண்டே தன் வாழ்க்கையை மடித்து வைத்துவிடலாம் என்பது அவளை உள்ளுக்குள் நடுங்க வைத்திருந்தது. றிஸ்னா மா அப்பிய கையாலேயே அவள் பையைப் பிடுங்கி மேசைக்குக் கீழ் தள்ளினாள்.

"அழுறண்டா அழு. ஆனா தேங்காயத் துருவிக்கிட்டு அழு. சம்பலுக்குத் தேங்காய்ப்பூ இல்ல," என்றாள்.

திங்கட்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பின்வீட்டு மண்டபத்தில் ஆதம்பாவா முதலாளி புது எக்ரிமென்ட்டோடு உட்கார்ந்திருந்தார். இரண்டே பெயர்கள். றிஸ்னாவையும் கிருசிகாவையும் மட்டும் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். போனது மூன்று பேர்.

"உன்னக் கூப்பிடல்லையே மகள்," என்றார் முதலாளி ஸஹ்றாவைப் பார்த்து.

"வீட்டுக் கதை எண்டு சொன்னாங்க," என்றாள் ஸஹ்றா. "நானும் அந்த வீட்டு ஆள்தான்."

முதலாளி அதைக் கேட்காதவர் போல மற்ற இருவரிடம் காகிதத்தை நீட்டினார்.

"வாடகை கொறச்சிரிக்கி. தண்ணிக் காசும் இல்ல. புத்தியுள்ள புள்ளைகளுக்கு நான் மேல சொல்லத் தேவல்ல."

றிஸ்னா கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். முதலாளி கிருசிகாவின் பக்கம் திரும்பினார்.

"நீ வேற ஆள் புள்ள. உனக்கு இந்த ஒழுங்கைக்குள்ள வீடு தந்ததே பெரிய காரியம். அத நெனச்சிப் பாரு."

கச்சிமுகம்மதுக்கே அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. கதிரையில் உட்கார்ந்தபடி நெளிந்தார். கிருசிகாவுக்குக் காது மடல் சூடானது. திருக்கோவிலுக்குத் திரும்பிப் போய்விட்டால் இதையெல்லாம் கேட்க வேண்டியதில்லை என்று ஒரு கணம் தோன்றியிருக்கும். அவள் திரும்பிப் போகிற ஆளில்லை.

"வீடு தரக்குள்ள என்ட பேரக் கேட்டுத்தான் தந்தாங்க முதலாளி," என்றாள். "ஊரும் கேட்டாங்க. எல்லாம் தெரிஞ்சுதான் மூணு பேருக்கும் முழு வீட்டையும் தந்தாங்க. அது எனக்கு ஆரும் செய்த தருமம் இல்ல. நானும் முழு வாடகைக்குத்தான் கையெழுத்து வைச்சன்."

"தம்பி," என்றார் முதலாளி, கச்சிமுகம்மதைப் பார்த்து. "இந்தப் போகம் உன்ட நெல்ல நான் எடுக்கிறதா, வேணாமா?"

கச்சிமுகம்மது வெளியே பார்த்தார். விறாந்தையில் சாக்குகள் அடுக்கிக் கிடந்தன. "புள்ளைகள் வெக்காட்டியும் பழச ரத்துச் செய்ற காயிதம் ஒண்ட எழுதலாம்," என்றார் கம்மிய குரலில். "சுலைஹா, இஞ்ச வா. ஒரு கையெழுத்து வெக்கணும்."

ஸுலைஹா பிளேன்டித் தட்டோடு வந்தாள். தட்டை மேசையில் வைத்தாள். பேனையை எடுக்கவில்லை. இருபது வருசமாகக் கணவன் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்த பெண்.

"இது ஆர்ட வீடு காக்கா?" என்று கேட்டாள்.

"இதென்ன கேள்வி? ஒங்கட வீடு."

"என்ட உம்மா எனக்குத் தந்த வளவு. நான் என்ட மகள் சஹ்லாக்குக் குடுக்கப் போற வீடு. நாளைக்கு அவள ஒருத்தன் கேட்டு வந்து, அவள் மாட்டன் எண்டு சொன்னா, அவன்ட மாமன் வந்து இந்த வீட்ட விட்டு அவள எழுப்பு எண்டு சொல்லுவானா?"

"அது சொந்த வீடு ஸுலைஹா. இது வாடகைக்கு வந்த புள்ளைகள்."

"வாடகை தந்து இரிக்கிற வரைக்கும் அவங்கட வீடுதான். குடுத்தா குடுத்ததுதான்." அவள் குரல் உயரவில்லை. "ஒரு குமரப் பணிய வெக்கிறத்துக்கு அவள்ட காலுக்குக் கீழ இரிக்கிற வீட்ட உருவி எடுக்கலாம் எண்டு இந்த வாசல்ல ஒருக்காக் காட்டிக் குடுத்தா, மறுகா நான் என்ட மகளுக்குக் குடுக்கிறது வீடில்ல காக்கா, கூடு. அதுக்கு நான் கையெழுத்து வெக்க மாட்டன்."

"சுலை, நெல்லு..." என்றார் கச்சிமுகம்மது.

"சவளக்கடை ஊர் மில்லுலயும் நெல்லுத்தான் குத்திற. பிளேன்டி ஆறுது காக்கா, குடிங்க."

முதலாளி குடிக்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போய், ஒழுங்கை கேட்கட்டும் என்றே உரத்துச் சொன்னார். "அப்ப கலியாணமும் இல்ல! இப்பயே இறக்காமத்துக்குச் சொல்றன். ரோடு அளக்கிறவளுக்கு எவன் மாப்பிள்ளை வாறான் எண்டு பாப்பம்!"

ஒழுங்கை கேட்டது. நாலு வீட்டுப் படலை திறந்தது. இப்படி ஒரு சத்தத்துக்குப் பிறகு ஒரு குடும்பம் வெட்கத்தில் கூனிப்போக வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். றிஸ்னா படலைவரை போய், "அல்ஹம்துலில்லாஹ்!" என்றாள், அவருக்குக் கேட்கும்படி.

மறுநாள் காலை கச்சிமுகம்மது நெல்லைச் சவளக்கடைக்கு அனுப்ப லேன்ட்மாஸ்டர் டிரக்டர் ஒன்றைக் கூட்டி வந்தார். ஏற்று கூலி கூடும், தூரம் கூடும் என்று நொத்தாரிசையும் பெண்சாதியையும் மாறி மாறித் திட்டிக்கொண்டே சாக்குகளைத் தூக்கினார். பெண்களோடு அவர் பேசவில்லை. ஆனால் அவர்கள் மூவரும் கல்லூரிக்குப் போக வெளியே வந்தபோது, வழியில் நின்ற லேன்ட்மாஸ்டரைக் கொஞ்சம் முன்னால் எடுக்கச் சொன்னார்.

ஒழுங்கை முனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஸஹ்றாவின் போன் அடித்தது. வாப்பா. அவள் போனைக் காதில் வைக்கப் பயந்து, கையிலேயே வைத்து ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"மகள், ஆதம்பாவா முதலாளி போன் எடுத்தார்." அவருடைய குரல் களைத்திருந்தது. "மாப்பிள்ளை ஆக்கள் வேணாமெண்டுட்டாங்களாம்."

"ஓம் வாப்பா. நான் முதல்லயே வேணாமெண்டுட்டன். அவங்க இப்பதான் சொல்றாங்க."

அவர் கரண்டியைக் கல்லில் வைக்கும் சத்தம் கேட்டது. "சுவர் லின்டல் மட்டத்துக்கு வந்திட்டு மகள். நேத்துத்தான் பலகை அடிச்சன். இனி இத ஆருக்கெண்டு கட்டற? நிப்பாட்டவா?"

ஸஹ்றா பக்கத்தில் நின்ற இருவரையும் பார்த்தாள். றிஸ்னா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். கிருசிகா ரோடு அளக்கும் முக்காலியைத் தோளில் மாற்றிக்கொண்டாள்.

"நிப்பாட்டாதீங்க வாப்பா," என்றாள் ஸஹ்றா. "எனக்கெண்டுதானே தொடங்கின? எனக்கெண்டே முடிங்க. காணி உறுதியையும் என்ட பேர்ல எழுதுங்க."

"மாப்பிள்ளை இல்லாம ஒரு பொம்புளப் புள்ள எப்பிடி மகள் ஒரு வீட்டுல இரிக்கிற?"

"நாங்க இஞ்ச மூணு பேர் இரிக்கம் வாப்பா," என்றாள் அவள். "ஒரு மாப்பிள்ளையும் இல்ல. கூரை விழல்ல."